சிரிப்புக்கட்டை

'டொக்' என்று ஒன்று, அதற்குச் சற்றே பின்தங்கி 'டக்' என்று இன்னொன்று, பிறகு இரண்டில் ஒரு கட்டை தன் முதுகின் மேல் தொட்டில் போல ஆடி ஆடி அடங்குகிற சிறு முனகல்: துடியலூர் வீட்டுச் சாமியறையின் சிவப்புச் சிமெண்ட் தரையில் என் சிறு வயது இந்த ஓசைகளாகத்தான் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

முந்திரிப் பருப்பைக் கையளவு பெரிதாக்கி நடுவே பிளந்து வைத்தது போன்ற இரண்டு மரத்துண்டுகள் அவை. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் முதுகு. சிவப்புச் சாயம் விளிம்புகளில் தேய்ந்து, அடியில் இருக்கும் மூங்கில் வேரின் தேன் நிறம் தெரியும். ஒன்றின் முனை கொஞ்சம் உடைந்திருக்கும். முருகன் படத்துக்கும் திருநீற்றுக் கிண்ணத்துக்கும் நடுவில் அவற்றைப் பார்க்கிற விருந்தாளிகள், இது எதற்கு, மாவு அள்ளவா, தேங்காய் உரிக்கவா என்று கேட்பார்கள். 'சிரிப்புக்கட்டை' என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போய்விடுவோம். அதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும், காப்பி ஆறிவிடும்.

அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து உயிர் கொடுக்கிற வேலை. மோட்டார் கொண்டுவந்து கொண்டுவந்து சிநேகமான கோட்டைமேட்டு நாசர் பாய், பினாங்கில் பட்டறை வைத்திருக்கும் தன் அண்ணனுக்கு நல்ல கைக்காரர் ஒருவர் வேண்டுமென்று கேட்க, தம்பி செந்தில் தவழ்ந்துகொண்டிருந்த நாளில் அப்பா கப்பலேறினார். போவதற்கு முன் என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்துப் பேரூர் கோயிலுக்குக் கூட்டிப்போய், கனகசபை மண்டபத்தில் தோள்மேல் ஏற்றி, மேல்தளத்திலிருந்து தொங்கும் கல்சங்கிலியைக் காட்டினார். ஒரே கல்லில் செதுக்கி, வளையத்துக்குள் வளையமாகக் கோத்துக்கொண்டு நிற்கிற சங்கிலி. எட்டித் தொட்டுவிடப் பார்த்தேன், விரலுக்கும் கல்லுக்கும் நடுவில் நிறையக் காற்று இருந்தது. வந்ததும் தொடலாம் கண்ணு, நீயும் வளர்ந்திருப்பாய் என்றார். அதற்குப் பிறகு பேரூருக்குப் போகும்போதெல்லாம் நான் அந்த மண்டபத்தில் தலையை அண்ணாந்துகொண்டே நடந்து தூண்களில் இடித்துக்கொண்டேன். தூக்கிக் காட்ட ஆளில்லை.

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அப்பா வந்துவிட வேண்டும், சங்கிலியைத் தொட வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில், அப்பா ஒத்துக்கொண்ட கெடு முடிகிற சமயத்தில், நாசர் பாய் வீட்டுக்கு வந்து ஒரு சேதி சொன்னார். அண்ணன் அப்பாவை விடுவதாக இல்லையாம். குடும்பத்தையே அழைத்துக்கொள்ளச் சொல்கிறாராம். லீவுக்கு எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பிடித்திருந்தால் அங்கேயே இருந்துவிடலாம், பிடிக்காவிட்டால் அப்புறம் பார்க்கலாம் என்று அப்பா சொல்லியனுப்பியிருக்கிறார். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. பாய் அம்மாவிடம், நீங்க என்னங்கம்மா சொல்றீங்க என்று கேட்டார். அம்மா தன் வழக்கமான பதிலைச் சொன்னாள்: "அவுங்க இஷ்டமுங்க."

எங்கள் பக்கத்தில் எதையும் நேராகக் கேட்டுவிடுவது அவ்வளவு மரியாதை இல்லை. கேள்விக்கும் ஒரு 'ங்க', பதிலுக்கும் ஒரு 'ங்க', அந்த இரண்டு 'ங்க'வுக்கும் நடுவில் ஆள் தன் ஆசையோடு சௌகரியமாக ஒளிந்துகொள்ளலாம். அம்மா அப்படி ஒளிந்துகொள்வதில் கெட்டிக்காரி. என்ன சேலை வேண்டும் என்று கேட்டால் "உங்க இஷ்டமுங்க". என்ன குழம்பு வைக்க என்று அவள் கேட்டு, அப்பா உன் இஷ்டம் என்று சொல்லி, அவள் திரும்ப உங்க இஷ்டமுங்க என்று சொல்லி, கடைசியில் பல நாள் தயிரும் ஊறுகாயுமாகவே எங்கள் வீட்டில் பொழுது போயிருக்கிறது.

மனிதர்களிடம் கேட்காததையெல்லாம் அவள் மாரியாத்தாளிடம் கேட்பாள். அதற்குப் பெயர் 'பூ கேக்கறது'. செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி கட்டி, பூசாரி அம்மன் காலடியில் வைப்பார். கேட்கிறவர்கள் மனசுக்குள் கேள்வியை வைத்துக்கொண்டு, வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது என்றோ, அதற்கு மாறாகவோ, தாங்களே நினைத்துக்கொள்வார்கள். வாய் திறக்கக்கூடாது. ஒன்றும் தெரியாத சின்னக் குழந்தை ஒன்று போய் ஒரு பொட்டலத்தை எடுக்கும். பிரித்தால் பூவின் நிறம் எல்லோருக்கும் தெரியும், பதில் கேட்டவருக்கு மட்டும்தான் தெரியும். பினாங்குப் பயணத்துக்கு முன்னால் எங்கள் வீதிக் கோயிலில் செந்தில்தான் எடுத்தான். வெள்ளை வந்தது. அம்மா முகத்தைப் பார்த்தேன். துடைத்து வைத்த குத்துவிளக்கு போல இருந்தது, ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆனால் மறுநாளே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்பதால் வெள்ளை 'போகலாம்' என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பெட்டியில், பருப்புப்பொடிக்கும் கச்சாயத்துக்கும் அடியில், ஈரத்துணியில் சுற்றி ஒரு டிபன் டப்பாவுக்குள் செவ்வரளியும் வெள்ளரளியும் கொஞ்சம் வந்தன. அங்கே போய் அரளிக்கு எங்கே அலைவது என்று அம்மா யோசித்திருக்கிறாள். முக்கியமான கேள்வி அங்கேதான் இருந்தது.

பினாங்கில் அப்பா எங்களுக்காகப் பிடித்திருந்த அறை சீனர் தெருவில், ஒரு கடையின் மாடியில் இருந்தது. வீடுகளின் மாடி தெருவரை நீண்டு, அதன் கீழே நிழலாக ஓடும் நடைபாதைக்கு அங்கிருந்த தமிழர்கள் 'அஞ்சடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த அஞ்சடியிலேயே தெரு முழுக்க வாழ்ந்தது. ஒருவர் தலை சீவிக்கொண்டிருப்பார், பக்கத்தில் வாத்து தொங்கும், அதற்கடுத்து ஒரு பல் வைத்தியர் கண்ணாடிப் பெட்டியில் பற்களை அடுக்கியிருப்பார், அதைத் தாண்டினால் ஊதுவத்திப் புகை. அந்தப் புகை எங்கள் ஊர் ஊதுவத்தி மாதிரி பூவை நினைப்பூட்டாது, ஈர மரத்தையும் பழைய பெட்டியையும் நினைப்பூட்டும். இன்றைக்கும் எங்காவது சந்தனக்கட்டை பொசுங்கினால் நான் நிற்கிற இடம் அஞ்சடியாகிவிடுகிறது.

அப்பா பட்டறையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு எங்களைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார். ஊரைப் பிடிக்க வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் அவசரம். நான்கு தெரு தள்ளி மாரியம்மன் கோயில், கோபுரம் முழுக்க நீலமும் ரோசாவுமாகப் பொம்மைகள். கூப்பிடு தூரத்தில் நம்மவர்கள் கட்டிய பள்ளிவாசல். நடுவில் சீனர்களின் தாய்த்தெய்வம் ஒருத்தியின் கோயில், கூரை நுனியெல்லாம் உடைந்த பீங்கான் சில்லுகளால் ஆன டிராகன்கள், பச்சையும் மஞ்சளுமாக உடம்பை வளைத்து வானத்தைக் கவ்வப் போகிற மாதிரி. செந்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு, பேரூர் யாளி இங்கே வந்து பெயிண்ட் அடித்துக்கொண்டதா என்று கேட்டான். அப்பா சிரித்த சிரிப்பில் பாக்கு எச்சில் புரையேறியது. அங்கேயும் தூண்கள் இருந்தன, கல் பாம்புகள் தூண்களைச் சுற்றி ஏறின, வாசலில் வாய்க்குள் உருண்டையோடு கல் சிங்கங்கள் இருந்தன. செந்தில் ஒவ்வொன்றின் வாயிலும் கையை விட்டான். சங்கிலி மட்டும் எங்கேயும் இல்லை. நான் ஒவ்வொரு கூரையிலும் தேடினேன்.

எப்படி இருக்குது ஊர் என்று அப்பா தினமும் கேட்டார். நல்லா இருக்குதுங்க என்று அம்மா தினமும் சொன்னாள். இங்கேயே இருந்துக்கலாமா என்று ஒருநாள் கேட்டுவிட்டார். உங்க இஷ்டமுங்க. அப்பா அன்று சாப்பிட்ட தட்டை ரொம்ப நேரம் கழுவினார். அவருக்கு அது சம்மதம் போலவும் கேட்டிருக்கும், கோபம் போலவும் கேட்டிருக்கும். வாரக் கடைசியில் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு எங்களோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். அரளி வாடிச் சுருங்கியிருந்தது, ஆனால் சிவப்பு சிவப்பாகவும் வெள்ளை கொஞ்சம் மங்கலாகவும் இருந்தன. அங்கிருந்த குருக்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பொட்டலம் கட்டிக் காலடியில் வைக்க வேண்டும் என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். "இங்கெல்லாம் அந்த வழக்கம் இல்லேம்மா. பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ, அர்ச்சனை பண்ணிடறேன்" என்றார். அர்ச்சனை நடந்தது. குங்குமம் வந்தது, பதில் வரவில்லை. வழியெல்லாம் அம்மா டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தாள்.

எங்கள் அறைக்குக் கீழே இருந்தது ஒரு காகிதக்கடை. அதை நடத்திய அம்மாளைத் தெருவே 'ஆசிம்' என்று கூப்பிட்டது. சித்தி என்கிற மாதிரி ஒரு முறையாம், அப்பா சொன்னார். கடை முழுக்கக் காகிதத்தில் செய்த சாமான்கள்: காகித வீடு, காகிதச் சட்டை, காகிதக் கைக்கடிகாரம், உள்ளே காகித டிரைவரோடு ஒரு காகித மோட்டார்கார். அந்தக் காரின் முன்னால்தான் செந்தில் அன்று உட்கார்ந்துகொண்டான். வேண்டும் என்றான், உருண்டான். அழுகிற பிள்ளைக்கு எல்லோரும் எதையாவது கொடுக்கிற உலகத்தில் ஆசிம் மட்டும் தலையைப் பலமாக ஆட்டி, காரைத் தூக்கி உயரத்தில் வைத்துவிட்டாள். பட்டறையிலிருந்து வந்த அப்பா அவளிடம் மலாயில் கேட்டுவிட்டு எங்களிடம் சொன்னார்: இதெல்லாம் செத்துப்போனவர்களுக்கு எரித்து அனுப்புகிற சாமானாம். அம்மா செந்திலை வெடுக்கென்று பிடித்து இழுத்துக்கொண்டாள். ஆசிம் அதைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டவள் போல உள்ளே போய், முனை உடைந்த இரண்டு சிவப்புக் கட்டைகளைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். தூக்கிப் போடச் சொல்லிக் காட்டினாள். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தன. ஆசிம் தன் வாயை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினாள். "சாமி சிரிக்குதாம்" என்றார் அப்பா.

செந்தில் அழுகையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தான். அம்மா கட்டைகளைப் பார்த்தாள். இது என்னங்க என்று கேட்டாள், அவளாக வாய்விட்டு ஒன்றைக் கேட்பது அபூர்வம். அப்பா கேட்டுச் சொன்னார். ஒன்று தட்டை ஒன்று முதுகு என்று விழுந்தால் சாமி சரி என்கிறது. இரண்டும் முதுகு காட்டினால் வேண்டாம் என்கிறது. இரண்டும் தட்டையாக விழுந்தால் சிரிக்கிறது, கேள்வி சரியில்லை என்று அர்த்தம்.

"இவுங்களும் பூ கேக்கறாங்கங்க" என்றாள் அம்மா. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்துக் குத்துவிளக்கில் யாரோ திரி போட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஆசிம் எங்களை அந்தத் தாய்த்தெய்வத்தின் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அம்மா குளித்து, ஈரத்தலையோடு, கொசுவம் சரிசெய்து, நம் கோயிலுக்குப் போகிற மாதிரியே வந்தாள். அப்பா பேச்சுக்கு ஆள் வேண்டுமே என்று கூட வந்தார். உள்ளே புகை முட்டிக்கொண்டிருந்தது. ஆசிம் நீண்ட ஊதுவத்திகளைக் கொளுத்திக் கொடுத்து, கட்டைகளை அம்மாவின் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூடினாள். அம்மா கண்ணை மூடினாள். உதடு அசையவில்லை. எங்கள் வழக்கப்படி நடந்துகொண்டிருந்தாள்.

ஆசிம் அவள் தோளைத் தட்டினாள். மலாயில் என்னவோ சொன்னாள். அப்பா கொஞ்சம் சங்கடத்தோடு, "வாய் விட்டுச் சொல்லோணுமாம். பேரு, ஊரு, வீதி எல்லாம். இல்லீனா யாரு கேக்கறாங்கன்னு சாமிக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க" என்றார்.

அம்மா விழித்தாள். அப்பாவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், வெளியே போய்விடலாமா என்பது போல வாசலைப் பார்த்தாள். பிறகு தனக்குள் முனகுவது போல ஏதோ சொன்னாள். ஆசிம் தன் காதைத் தொட்டுக் காட்டி, "குவாட், குவாட்" என்றாள். சத்தமாக, சத்தமாக. சாமிக்கு வயசாகிவிட்டது, காது மந்தம் என்று அவள் சொன்னதாக அப்பா சொன்னார். செந்தில் உடனே கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி 'குவாட்' என்று கத்தினான்.

"ஆத்தா" என்று அம்மா ஆரம்பித்தாள். "நான் மயிலாத்தா. கோயமுத்தூரு, துடியலூரு. எனக்குப் புள்ளைங்க ரண்டு. இவுங்க..."

அம்மா அப்பாவைக் கண்ணால் காட்டி நிறுத்த, யார் என்று ஆசிம் கேட்டாள். பெயர் வேண்டும். புருஷன் பெயரை அம்மா அதுவரை சொன்னதே கிடையாது, ரேஷன் கடையில்கூட என்னைத்தான் சொல்ல வைப்பாள். இப்போதும் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கண்ணு." நான் சீனத்துத் தெய்வத்தைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற குரலில், "பழனிச்சாமி" என்றேன். அப்பா தன் பெயர் அங்கே போய் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவுங்க எங்களோட ஊருக்கு வந்தறோணும்" என்றாள் அம்மா. அப்பாவுக்குப் போடுகிற 'ங்க' எதுவும் சாமிக்கு வேண்டியிருக்கவில்லை. "நாங்க இங்க வாரதில்ல ஆத்தா, இவுங்கதான் அங்க வரோணும். எனக்கு மாடி ஊடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பொழுதுக்கும் கதவத் தொறந்து வெச்சுட்டு வாசலப் பாத்துட்டு உக்கோந்திருக்க என்னால ஆகல. வருவாங்களா மாட்டாங்களா, நீயே சொல்லிப்போடு."

கட்டைகள் விழுந்தன. டொக். டக். இரண்டும் தட்டை.

சாமி சிரிக்கிறது என்று ஆசிம் வாயை இழுத்துக் காட்டி, மறுபடி போடச் சொன்னாள். அம்மா போட்டாள். மறுபடியும் இரண்டும் தட்டை. ஆசிமுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் ஊதுவத்தி பிடித்திருந்த ஒரு கிழவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நான் மட்டும் அழுகிற நிலையில் இருந்தேன். இத்தனை தூரம் வந்து, பேரும் ஊரும் சொல்லி, ஒரு தெய்வம் இப்படிச் சிரித்தால் சங்கிலியை எப்போது தொடுவது?

மூன்றாம் தடவைக்கு அம்மா குனிந்தபோது அவளுக்கு முன்னால் அப்பா குனிந்தார். கட்டைகளைத் தரையிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்து, ஆசிமிடம் கொடுத்தார்.

"போதும் அம்மணி" என்றார். "எங்காதுல உழுந்துருச்சு."

அவ்வளவுதான். வீட்டுக்கு நடக்கும்போது அம்மா அஞ்சடியில் அப்பாவுக்கு ஓரடி பின்னால் நடக்காமல் பக்கத்தில் நடந்தாள். நாங்கள் புறப்பட்ட அன்று ஆசிம் அந்த முனை உடைந்த கட்டைகளைச் செந்தில் கையிலேயே வைத்து விரல்களை மூடினாள். டிபன் டப்பாவிலிருந்த அரளியை அம்மா அவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன என்று அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

எடுத்த வேலைகளை முடித்துக் கொடுத்துவிட்டு, அந்த வருஷம் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை பேரூர் போனோம். கனகசபையில் என்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமாயிட்ட கண்ணு என்று இறக்கிவிட்டுச் செந்திலைத் தோளில் ஏற்றினார். அவனுக்கும் எட்டவில்லை. நான் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, அது எட்டாத உயரத்தில் இருப்பதே சரி என்று எப்படியோ சமாதானமாகிவிட்டேன். பக்கத்தில் அப்பாவின் வார்னிஷ் வாசம் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் மனசுக்குள் கேட்கப்படவில்லை. சாமியறையில் அம்மா கட்டையைக் கையில் எடுத்து, பேர், ஊர் எல்லாம் சொல்லி, வாசலில் காயில் கட்டிக்கொண்டிருக்கும் மனிதருக்குக் கேட்கிற குரலில் கேட்பாள்: இவுங்க உடுமலைப்பேட்டைக் கல்யாணத்துக்கு வருவாங்களா, இல்ல நான் மட்டும் போகோணுமா, சொல்லு ஆத்தா. கட்டை விழுமுன்பே வாசலிலிருந்து பதில் வரும், "வாரேன், வாரேன்." யாராவது முணுமுணுத்தால் நாங்கள் 'குவாட்' என்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூட அது ஏதோ கொங்குச் சொல் என்று நினைத்துப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோனார்கள்.

இப்போது அப்பா இல்லை. அவர் காயில் கட்டிய வாசலில் என் ஸ்கூட்டர் நிற்கிறது. சிங்கப்பூரில் வேலையாக இருக்கும் செந்தில் போன வருஷம் தன் பிள்ளைகளைப் பினாங்குக்குக் கூட்டிப்போய்ப் படம் அனுப்பினான். கோயில் அப்படியே இருக்கிறது, டிராகன்களுக்குப் புதுச் சில்லு ஒட்டியிருக்கிறார்கள். காகிதக்கடை இருந்த இடத்தில் காப்பிக்கடை, ஆசிமை யாருக்கும் தெரியவில்லை. அப்பா போன நாளிலிருந்து அம்மா கட்டையை எடுக்கவில்லை. தூசி மட்டும் தட்டுவாள். மறுபடியும் எல்லாம் "உங்க இஷ்டம்" ஆகிவிட்டது.

செந்தில் குடும்பத்தோடு பத்து நாள் லீவில் வந்திருந்தான். அங்கேயே நிரந்தரமாக இருந்துவிட எழுதிக் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். என்னம்மா சொல்றே என்று அம்மாவைக் கேட்டான். உன் இஷ்டம் கண்ணு என்றாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

இன்று மதியம் அவர்கள் கிளம்புகிறார்கள். காலையில் அவன் உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க, அவன் மகள் இனியா சாமியறையில் கட்டைகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். டொக். டக். முனகல். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்ப நேரம் பார்த்திருந்துவிட்டு, கையை நீட்டினாள். இனியா கொடுத்தாள். அம்மா இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். கண்ணையும் மூடினாள். உதடு அசையவில்லை.

இனியா அவள் முகத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு, அவளுடைய அப்பா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், தோளைத் தட்டி, "குவாட், அப்பத்தா" என்றாள்.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஆத்தா, நான் மயிலாத்தா" என்று ஆரம்பித்தாள். குரல் பழைய கிணற்றிலிருந்து வருகிற வாளி மாதிரி முதலில் தடுமாறி, மேலே வரவர நேரானது. "கோயமுத்தூரு, துடியலூரு. என்ற பையன் செந்திலு..."

உள்ளறையில் இழுபட்டுக்கொண்டிருந்த ஜிப்பின் சத்தம் பாதியில் நின்றது. கட்டைகள் இன்னும் அம்மாவின் கையில்தான் இருந்தன.